குழாய்க்குள் ஊசி

மார்ச் 4

அன்புச் சிட்டுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால் கடிதம். கழுத்தில் காலிங்பெல் பொத்தான் அளவுக்கு ஒரு கட்டி. அமுக்கிப் பார்த்தேன், மணி அடிக்கவில்லை. டாக்டர் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். உன் அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

பயம் என்று நினைக்காதே. ஊசி குத்தினால் கட்டி பரவும் என்பதைத்தானே ஐந்து வருடமாக அங்கே ஆராய்ச்சி செய்கிறாய்? கடைக்கு ஒயர் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மகள் பேச்சை அப்பனே மீறலாமா?

எட்டாம் வகுப்பைத் தாண்டாத,
உன் அப்பா

மார்ச் 13

அன்புள்ள அப்பா,

சிரித்தேன். அப்புறம் ஆய்வுக்கூடத்துக் கழிப்பறையில் போய் அழுதேன். உங்களிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன், தப்பு என்னுடையது.

ஊசியை வெளியே இழுக்கும்போது வந்த வழியில் ஒன்றிரண்டு செல்கள் ஒட்டிக்கொள்வது உண்டு. மிக மிக அபூர்வம். அதுவும் நடக்கக் கூடாது என்பதற்குத்தான் என் வேலை. சுவருக்குள் பைப் பதித்து ஒயர் இழுப்பீர்களே, ஒயர் சுவரைத் தொடுமா? அதேபோல முதலில் மெல்லிய குழாய். ஊசி அதற்குள்ளேயே போய் வரும். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கட்டி என்னவென்று தெரியாமல் விடுவதுதான் ஆபத்து.

கடையில் யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடமும் மாற்றிச் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் சிட்டு

ஏப்ரல் 2

அன்புச் சிட்டுக்கு,

"குழாய் வழியாத்தானே குத்துவீங்க?" என்று டாக்டரைக் கேட்டேன். "ஆமா, யார் சொன்னாங்க?" என்றார். "முப்பது வருஷமா ஒயர் இழுக்கிறேன் சார், எனக்குத் தெரியாதா?" உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு தடவையாவது நான் படித்தவனாக இருந்துவிட்டுப் போகிறேனே! குத்தி முடித்து வெளியே வந்ததும் உன் அம்மா வாய் திறந்தாள்: "கத்துனீங்களா?"

எதிர்க்கடைத் தையல்கார அக்கா என் பேச்சை நம்பித் தன் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தார். அவரிடம் போய், நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். திட்டினார். நேற்று பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தார்.

என் ரிப்போர்ட் வந்துவிட்டது. நல்லதாக இல்லை. ஆனால் சின்னது, ஸ்கேனில் வேறெங்கும் ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம் என்கிறார்கள். பதினெட்டாம் தேதி ஆபரேஷன்.

லீவு போடாதே, உன் வேலை கெடும், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எல்லாம் பொய்.

வா, சிட்டு.

உன் அப்பா