பவுடர் போட்ட லேப்டாப்

மார்ச் 4, புதன்

இன்று மாபெரும் வெற்றி. அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து மேசை விசிறியின் இறக்கைகள் முழுக்க முகப் பவுடரை அப்பி வைத்தேன். வந்தான். லேப்டாப்பைத் திறந்தான். விசிறியைப் போட்டான். புஸ்ஸ்! புருவம், மூக்கு, மேசை, சுவர் எல்லாம் வெள்ளை. "ஏய் வாலு, இன்னைக்கு நீ செத்தடீ!" என்று துரத்தி வந்தவன் தும்மல் தாங்காமல் பாதியிலேயே நின்றுவிட்டான். அறை முழுக்க ரோஜா வாசனை. எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

லேப்டாப்புக்குக் காய்ச்சல். கேம் ஆட வாங்குகிற ரகம் அது, ஆனால் பகலில் அண்ணன் அதில்தான் தன் கல்லூரிக்கான அனிமேஷன் படத்தைச் செய்கிறான். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை என் ராஜ்ஜியம். இன்று எதிரிக் கோட்டையின் கதவை உடைக்கிற நேரத்தில் விமானம் கிளம்புகிற சத்தம் போட்டு அணைந்தது. தொட்டுப் பார்த்தால் சட்டை தேய்க்கலாம். என் அணியில் எல்லாரும், நான் பயந்து ஓடிவிட்டேன் என்கிறார்கள். நானா?

மார்ச் 12, வியாழன்

இன்று அண்ணனிடமும் அணைந்தது. மூன்று முறை. உள்ளே சூடு தொண்ணூற்றெட்டு டிகிரியாம்.

மார்ச் 13, வெள்ளி

முதலுதவி செய்தோம். அடியில் இரண்டு அகராதிகள் வைத்துத் தூக்கினோம். விசிறியைத் திருப்பி வைத்தோம். பிறகு நான் ஐஸ் கட்டிப் பையை அடியில் செருகினேன். பை வியர்த்து, மேசை நனைந்து, "கரண்ட் சாமான்கிட்ட தண்ணியா?" என்று அப்பா பாய்ந்து வந்து பிடுங்கினார். அவர் பஸ் ஓட்டுகிறவர். சூடான எஞ்சினைக் கண்டாலே அவருக்கும் சூடேறும்.

"ஏன்டா இப்படி ஆச்சு?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "அவன் தலையணை மேல வச்சு வேலை பண்றான்ப்பா."

ஒரே ஒரு நாள் வைத்தான். அது உண்மைதான். ஆனால் அப்பா அரை மணி நேரம் திட்டினார். "பொருளோட அருமை தெரியுதா? இருபதாம் தேதி படத்தைக் குடுக்கலன்னா இன்னொரு வருஷம் படிக்கணும், ஞாபகம் இருக்கா?" அண்ணன் தலையைக் குனிந்து நின்றான். நான் எதற்கு முந்திக்கொண்டு சொன்னேன்? தெரியவில்லை. வாய் அப்படி.

மார்ச் 14, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

அண்ணனும் நானும் ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்கார அக்கா பதினோரு திருகுகளைக் கழற்றி, அடி மூடியைத் திறந்து, காற்று அடித்தார். வெள்ளைப் புகை. ரோஜா வாசனை!

"என்னப்பா, லேப்டாப்புக்கு மேக்கப்பா போடுறீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் திருகுகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் பதினொன்று.

"நான்தான்க்கா," என்றான் அவன். "பவுடர் போட்டுக்கிட்டே வேலை பார்ப்பேன்."

"நல்லா பார்த்த போ! சூடு வெளிய போற இடுக்கெல்லாம் செவுரு கட்டின மாதிரி அடைச்சிருக்கு. ஒரு ஃபேன் சுத்தவே மாட்டேங்குது. புதுசு வர பத்து நாள் ஆகும்."

பத்து நாள். இருபதாம் தேதிக்கு ஆறே நாள். அண்ணனின் முகம் பவுடர் இல்லாமலே வெளுத்தது. அக்கா அதைப் பார்த்தார். உள்ளே போய், செத்துப்போன இன்னொரு லேப்டாப்பைத் தூக்கி வந்தார். அதே மாடல். அதிலிருந்து ஃபேனைக் கழற்றி மாட்டினார். இடுக்குகளைப் பிரஷ்ஷால் துடைத்து, சிப்பின் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினார். "கெடு நாள் வர்ற வயித்தெரிச்சல் எனக்கும் தெரியும்ப்பா," என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அடுத்த தடவை கேட்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பூசியது நான், மெழுகியது அவன்.

லேப்டாப்புக்குச் சூடு இருந்தது. எனக்குத்தான் சொரணை இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில், அம்மா தண்ணீர் ஊற்றும்போது. "அப்பா, தலையணை இல்ல. பவுடர். நான்தான் போட்டேன்." முழுக் கதையும்.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். ரேடியேட்டர்ல மண்ணு பார்த்திருக்கேன், எலி பார்த்திருக்கேன். எவனும் பவுடர் போட்டதில்லடீ." அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, "நீ ஏன்டா வாங்கிக் கட்டிக்கிட்ட?" என்றார்.

"அவ மூஞ்சியப் பார்த்தேன்ப்பா. அதுக்கு மேல என்ன திட்டுறது?"

எழுந்து போய்க் குளியலறையில் அழுதேன். ரொம்ப இல்லை. கொஞ்சம்.

தண்டனை: படம் முடியும்வரை என் ஆறு-எட்டு ராஜ்ஜியம் பறிமுதல். செவ்வாய்க்கிழமை எங்கள் அணிக்கு இறுதிப் போட்டி. சரி, போகட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

பள்ளியில் இருந்து வந்ததும் எனக்கு உத்தியோகம். படத்தின் காட்சிகளை லேப்டாப் ஒவ்வொன்றாகக் கோத்து முடிக்கும். கால் மணிக்கு ஒருமுறை நான் சூட்டைப் படித்துச் சொல்ல வேண்டும். "எழுபத்தொண்ணு!" "எழுபத்து நாலு!" "நர்ஸம்மா, பேஷண்ட் எப்படி?" என்று சமையலறையிலிருந்து அண்ணன் கேட்கிறான். என் அணி தோற்றதாகச் செய்தி வந்தது. நம்பர் எழுதும் நோட்டை மூடவில்லை. எழுபத்திரண்டு.

மார்ச் 20, வெள்ளி

கொடுத்துவிட்டான்! ஒரு முழு நாள் மிச்சமில்லை, ஒரு மணி நேரம்தான் மிச்சம். போதும்.

வீட்டில் எல்லாரும் படம் பார்த்தோம். ஆறு நிமிடம். கடைசியில் பெயர்கள் ஓடின. ஃபேன் தந்த கடைக்கார அக்காவுக்கு நன்றி. அதற்குக் கீழே:

வெப்பநிலை கவனிப்பு – வாலு

மூன்று நொடிதான் இருந்தது. "இன்னொரு தடவை போடுடா," என்றார் அப்பா. நான் கேட்பதற்கு முன்னால் அவரே.

லேப்டாப் அறுபத்தாறு டிகிரி. என் காதுதான் கொதித்தது.

மார்ச் 23, திங்கள்

காலையில் அண்ணன் விசிறியைப் போடும் முன் இறக்கையை விரலால் தடவிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது, நேற்று நான்தான் துடைத்தேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது அவன் முகம்.