வரைபடத்தில் விட்டுப்போன சுவர்

அன்பு மருமகளே,

நகரத்துச் சுவரோவியங்களைக் காட்டும் வரைபடத்தில் உன் சுவரை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நீ தூரிகையைப் பரணில் போட்டுவிட்டாயாமே? உன் அம்மா சொன்னாள். நீ வரைந்த, கத்தியோடு சிரிக்கும் மீன்காரிகள் ஊருக்கு அழகில்லையாம். நல்ல நியாயம்!

ரயில் நிலையத்தில் அந்த வரைபடத்தைக் கொடுப்பவன் யார்? உன் மாமன். ஒவ்வொன்றிலும் மீன் சந்தைக்குப் பின்னால், உன் சுவர் இருக்கும் இடத்தில், சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன். "இதைப் பார்க்காம போனா நீங்க வந்ததே வேஸ்ட்டுங்க" என்று அடித்துவிட்டேன். உலகமே திரண்டது. சரி, ஒரு பஸ் கூட்டம். உன் படத்தின் மேல் வெள்ளையடிக்க வாளியோடு வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள்.

வரைபடம் போட்ட அதிகாரி பாய்ந்து வந்தார். "யாருய்யா உன்னை வட்டம் போடச் சொன்னது?"

"நீங்க விட்டதைத்தான் சார் நான் போட்டேன்."

அன்றே அந்த வேலை வேண்டாம் என்று உதறிவிட்டேன். தொப்பியை மட்டும் அவர்களே பிடுங்கிக்கொண்டார்கள். அம்மாவிடம் சொல்லாதே. இப்போது சுவருக்கு முன்னாலேயே நிற்கிறேன், இன்னும் வசதி.

ஒரு சின்னச் சிக்கல். படத்தில் பாதி என் கைவேலை என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் வரைந்து காட்ட வேண்டுமாம். நான் போட்டால் நேர்க்கோடே நெளியும். தூரிகையோடு வந்து சேர். ஏணியை நான் பிடிக்கிறேன். எவன் வாளி தூக்கி வருகிறான், பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
வேலையை உதறிய உன் மாமன்