நொய்யல் மணலில் ஒரு பாலைவன அரணை

11.7.1994, திங்கள்

ஜோத்பூரிலிருந்து வந்த மணல் அரணை இன்றும் எதையும் தின்னவில்லை. ஒன்பது நாளாயிற்று. விரல் நீளம்தான், காலுக்கு மூன்றே விரல். பாலைவனத்தில் மணலுக்குள்ளேயே நீந்துமாம். இங்கே கண்ணாடித் தொட்டியில் மணல்மேல் துவண்டு கிடக்கிறது.

கல்லூரியின் விலங்கியல் துறைத்தலைவர் சாஜிதா பேகம் மேடம் குனிந்து பார்த்தார். “இது பொழைக்காதுங்க அந்தோணி. வெள்ளிக்கிழமை ஸ்பிரிட் பாட்டில்ல போட்டுருங்க.”

“சரிங்க மேடம்.” பதினேழு வருடமாக ஆய்வகத்தில் நான் சொல்லும் ஒரே பதில்.

12.7

அரணை வந்த பெட்டியின் சந்தில் ஒரு சிட்டிகை பாலைவன மணல் ஒட்டியிருந்தது. பவுடர் மாதிரி. நம் நொய்யல் ஆற்று மணலோ குருணை. இதற்குள் அது எப்படி நீந்தும்? தொட்டியை நிரப்பியது நான்தான் –

13.7

கேட்டுப்போட்டேன். “ஏனுங்க மேடம், கொஞ்சம் தவணை குடுங்க.” இரண்டு மணலையும் விரலில் தேய்த்துப் பார்த்தார். “திங்கக்கெழம வரைக்கும்” என்றார்.

14.7

வீட்டில் மனைவி ஜெயக்கொடியின் மைதாச் சல்லடையை எடுத்தேன். “அரணைக்குச் சலிக்கவா எங்கம்மா வாங்கிக் குடுத்தாங்க?” என்றாள். அப்புறம் அவளே உட்கார்ந்து பாதியைச் சலித்தாள். அலசி வெயிலில் காயவைத்தோம்.

15.7

புது மணலில் விட்டேன். வெகுநேரம் அசைவில்லை. பிறகு மூக்கால் ஒரு முட்டு. ஆள் காணோம். மணல்மேல் நெளிந்து நெளிந்து ஒரு கோடு மட்டும் ஓடியது.

16.7

இன்னும் தின்னவில்லை. மாதாவே.

17.7, ஞாயிறு

பூசை முடிந்து நேரே ஆய்வகம். உளுத்த வேலிக்கம்பைத் தட்டி எடுத்த கரையான்களைத் தூவினேன். அவை நடக்கும் அதிர்வு கேட்டதோ என்னவோ, அடியிலிருந்து வந்து கவ்வியது. ஐந்து தின்றது. எண்ணினேன்.

18.7

மேடம் எம்.எஸ்சி. வகுப்பையே தொட்டிக்கு முன் நிறுத்தினார். “நீங்களே சொல்லுங்க அந்தோணி.”

அப்பா கடைசிவரை அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். நான் படித்தது ஒன்பதாவது வரை. சாக்பீஸை எடுத்தேன். மேல்தாடைக்குள் கீழ்த்தாடை அடங்கியிருப்பதால் வாயில் மணல் புகாது என்று படம் போட்டேன்.

“கண்ணுல போகாதுங்களா சார்?” – கயல்விழி என்ற மாணவி.

கீழிமையில் கண்ணாடி போல ஒரு சன்னல் இருக்கிறது, மூடிக்கொண்டே பார்க்கும் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

சார் என்றாள்.

9.1.1995

அரணையை அனுப்பிய ஜோத்பூர் ஆராய்ச்சியாளர் இன்னும் இரண்டு அரணைகளோடு இன்று வந்தார். காவலாளி நஞ்சுண்டன் மூச்சிரைக்க ஓடிவந்தார். “டாக்டர் அந்தோணி எங்கேன்னு ஒருத்தரு கேக்குறாருங்க. நம்ம காலேஜுல யாருங்க அது?”

அரணை பிழைத்ததைப் பற்றி மேடம் அவருக்கு எழுதிய கடிதத்தில் என் பெயர் இருந்ததாம். போய், டாக்டர் இல்லை, ஆய்வக உதவியாளர் என்று திருத்தினேன். அவர் பெட்டியை என் கையில்தான் கொடுத்தார்.