பொயிலரின் முள் இறங்குகிறது

16 ஜனவரி 1996, செவ்வாய்
வால்தம்ஸ்டோ

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். வீடு குளிர்ந்து கிடந்தது. வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றுபோயிருக்கிறது. அழுத்தம் காட்டும் முள் ஒன்றில் நிற்கவேண்டியது, பூச்சியத்தில் கிடந்தது. அடியிலுள்ள சிறு குழாயைத் திறந்து நீர் ஏற்றினேன். முள் எழுந்தது. பொயிலர் பற்றிக்கொண்டது.

பிள்ளை இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள். எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டவள். மனைவி வத்சலா பக்கத்துக் கதிரையிலேயே இருக்கிறாள்.

சனிக்கிழமை சபாரத்தினம் அண்ணை பிள்ளைக்கு ஏணை, சேலைத் தொட்டில், கட்டித் தந்தார். எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர். தன் அறைத் தரைப்பலகை ஒன்றைக் கிளப்பி, அடியிலிருந்த மரத்தில் கயிற்றைச் சுற்றி, கீழே எங்கள் படுக்கையறைக்கு இரண்டு துளைகளால் இறக்கினார். வத்சலாவின் பழைய நூல்சேலை. பிறகு பலகையை மூடி ஆணி அடித்தார். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“லண்டன் பிள்ளையெண்டாலும் ஏணையிலதான் தம்பி நித்திரை வரும்.”

வெறும் ஏணையை ஆட்டக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று வத்சலா சொல்லியிருக்கிறாள். அந்த அறையைச் சாத்திவிட்டேன். நான் முன்னறைச் சோபாவில்.

18 ஜனவரி, வியாழன்

முள் மறுபடி கீழே. நீர் ஏற்றினேன்.

சபாரத்தினம் அண்ணை பொயிலரின் முள்ளை எட்டிப் பார்த்தார். “பிறெஷர்காரனோ உவர்? உப்பைக் குறைச்சுப் பாரும்.”

19 ஜனவரி, வெள்ளி

மறுபடி.

மூடிய குழாய்களுக்குள் சுற்றும் நீர். வெளியேற வழி கிடையாது. வெளியேறுகிறது.

21 ஜனவரி, ஞாயிறு

வீடு சூடாக இருக்கிறதா என்று தாதி கேட்டார். இருக்கிறது என்றேன். பொய்யல்ல — காலையில் புறப்பட்டபோது சூடாகத்தான் இருந்தது.

பிள்ளையை விடலாமாம். ஆனால் நிறை போதாதவள். குளிர்ந்த அறையில் குடிக்கும் பால் முழுவதும் உடம்பைச் சூடாக்கவே போய்விடும், வளர மிஞ்சாது. வெள்ளிக்கிழமை ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். வீடு குளிர் என்றால் பிள்ளை அங்கேயே இருப்பாள்.

பஸ் நிறுத்தம் வரை வத்சலா வந்தாள். “உண்மையைச் சொல்லுங்கோ. வீடு சூடோ?”

“சரியாக்கிப்போடுவன்.”

“எப்ப?”

22 ஜனவரி, திங்கள்

பிளம்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்தக் குளிரில் பாதி லண்டனுக்குப் பொயிலர் நிற்கிறது, நீர் ஏற்றிக்கொண்டிரு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். தத்துவம் படித்தவனுக்கு இது பழகிய முறை. நீர் ஒன்றில் பொயிலரால் போகிறது, அல்லது குழாய்களால். ஒன்றை இல்லையென்று நிறுவினால் மற்றது.

அழுத்தம் மிஞ்சினால் பொயிலர் நீரைக் கழிக்கும் செப்புக்குழாய் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாயில் பிளாஸ்ரிக் பை ஒன்றைக் கட்டினேன்.

23 ஜனவரி, செவ்வாய்

பை காய்ந்திருக்கிறது. முள் இறங்கியிருக்கிறது.

மேலே போனேன். சபாரத்தினம் அண்ணை ஜன்னலைத் திறந்துவைத்து சிகரட் பிடித்துக்கொண்டிருந்தார்.

“றேடியேற்றர்த் திருகாணியைக் கழட்டினீங்களோ அண்ணை?”

“நானோ?”

“காத்து எடுக்க எண்டு திறந்திருப்பீங்கள், அதால தண்ணி போயிருக்கும்.”

“இரவிரவாப் பேக்கரியில போறணைக்கு முன்னால நிண்டு வேகிறன். எனக்கேன் தம்பி உம்மட சூடு?”

ஜன்னலைச் சாத்தினார். நான் இறங்கும்வரை திரும்பவில்லை.

ஏன் கேட்டேன்? ஆதாரம் இருந்ததா? இல்லை. யாரோ ஒருவர் செய்ததாக இருந்தால் நல்லது என்று இருந்தது.

24 ஜனவரி, புதன்

நேற்றுப் பின்னேரம் பொயிலருக்குக் கீழுள்ள இரண்டு அடைப்பான்களையும் பூட்டிவிட்டேன். இப்போது பொயிலர் தனி, குழாய்கள் தனி. காலையில் முள் அசையாமல் நின்றது. ஆக, குழாய்கள்.

ஒவ்வொரு றேடியேற்றராக மூட்டுகளில் கடதாசி ஒற்றிப் பார்த்தேன். குசினி, முன்னறை, குளியலறை. காய்ந்த கடதாசி. எஞ்சியது சாத்திக் கிடந்த அறை. அங்கும் காய்ந்த கடதாசி.

திரும்பும்போது ஏணையைத் தொட்டேன். ஆட்டவில்லை. தொட்டேன், அவ்வளவுதான்.

சேலை ஈரம். அடி கனத்துத் தொங்கியது. கையைக் கயிற்றோடு மேலே கொண்டுபோனேன். கயிறு ஈரம். துளை வரை ஈரம்.

மேலே ஏறி, ஷிப்ட் முடிந்து படுத்திருந்த அண்ணையை எழுப்பினேன். கயிறு ஈரம் என்றதும் கம்பளத்தைச் சுருட்டினார். பலகையில் வரிசையாக ஆணிகள். மூன்றாவது, செப்புக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. அதைப் பிடுங்கியதும் கறுத்த நீர் பொங்கியது. பெருவிரலால் துளையை அடைத்துக்கொண்டு முழங்காலில் இருந்தார்.

“போய்த் தண்ணியை இறக்கும். நான் பிடிச்சிருக்கிறன்.”

வெளிக்குழாயில் நீரெல்லாம் வடிந்து முடிந்து நான் ஏறி வந்தபோதும் விரலை எடுத்திருக்கவில்லை.

“நான் அடிச்ச ஆணி,” என்றார். பிறகு, “பிள்ளைக்கெண்டு கட்டினது தம்பி.”

நேற்றுக் கேட்டதற்கு இன்று மன்னிப்புக் கேட்பதா? இன்று அவருடைய ஆணிதானே. துணியை எடுத்துச் சிந்திய நீரைத் துடைத்தேன்.

25 ஜனவரி, வியாழன்

துளையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றதும் பிளம்பர் வந்தார். ஒரு சாண் குழாயை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு பொருத்தினார். முள் ஒன்றில்.

படியடியில் சபாரத்தினம் அண்ணையின் சூட்கேஸ்.

“லூயிஷாமில தெரிஞ்ச பொடியன் ஒருத்தனிட்ட அறை இருக்காம். பச்சைப்பிள்ளை வாற வீடு. நான் இருந்து இன்னும் எதில ஆணி அடிக்க?”

 

“ஏணையை ஆர் திருப்பிக் கட்டுறது?” என்றேன். “எனக்கு அந்த முடிச்சு ஏலாது அண்ணை.”

வேலைக்குப் போனார். சூட்கேஸ் அங்கேயே இருக்கிறது.

26 ஜனவரி, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண்மணி வெப்பமானியை எடுக்கமுன் கோட்டைக் கழற்றினார். அது போதும் எனக்கு.

27 ஜனவரி, சனி

சந்தையால் வந்தேன். படியடியில் சூட்கேஸ் இல்லை.

போய்விட்டார்.

எங்கள் அறையில் சத்தம். சபாரத்தினம் அண்ணை கதிரைமேல் நின்று புதுக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

“பாத்துக்கொண்டு நிக்கிறீர். கதிரையைப் பிடியுமன்.”

பிடித்தேன். செவ்வாய்க்கிழமை கேட்டது பிழை என்று அவருடைய முழங்கால்களுக்குச் சொன்னேன்.

“சரி, ஆட்டாமப் பிடியும்.”

4 பெப்ரவரி, ஞாயிறு

முள் ஒன்றில்.

பிள்ளை ஏணையில். வத்சலா கயிற்றில் ஒரு கையை வைத்தபடியே உறங்கிவிட்டாள்.

சபாரத்தினம் அண்ணை பேக்கரியால் வந்து ஏறுகிறார். மேலே அறைக்குள் காலடிகள். இப்போது அந்தப் பலகைக்கு ஆணி இல்லை, குழாய் வரை எட்டாத கட்டைத் திருகாணிகள்தான். ‘கீழே குழாய்’ என்று சோக்கால் எழுதியும் வைத்திருக்கிறார். அதற்குக் கிட்ட வந்ததும் காலடி நிற்கிறது. சுவரோரமாகச் சுற்றிப் போகிறது. கட்டில் கிறீச்சிடுகிறது.

ஏணை அசையவில்லை.