பெரியப்பாவின் கதிரைக்கு எதிரே

லா சப்பல், பாரிஸ்
12.10.2025

அன்பு மகள் கஜனிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நான்காம் மாடிக்கு ஏறும்போது என் முழங்கால் மட்டும் இழுக்கிறது. ஹனோயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கவேண்டும். நீ அனுப்பிய சுருள்படம் கசங்காமல் வந்தது. நரகத்தின் பத்து ராசாக்களும் மேலே வரிசையாக இருந்து வழக்குக் கேட்க, கீழே பொய் சொன்னவனின் நாக்கைக் குறட்டால் இழுக்கிறார்கள். புதிதாக வரைந்தது என்றாலும் அந்தச் சிவப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அங்கே செத்தவர்களுக்காக ஓதும்போது மட்டும் விரித்து, முடிந்ததும் சுருட்டிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அதனால் அப்பம்மாவின் திவசத்தன்று விரித்தேன். உன்னிடம் மறைப்பானேன், கார்ஜ் புறநகரிலிருந்து வரும் உன் பெரியப்பா வழக்கமாக இருக்கும் கதிரைக்கு நேர் எதிரேதான் ஆணி அடித்தேன். அம்மா சாமிப்படம் என்று நினைத்து முதல் ராசாவின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார், துடைத்தால் சாயம் போகும் என்று விட்டுவிட்டேன், கோபிக்காதே.

அப்பம்மா யாழ்ப்பாண ஆசுபத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது எனக்கு இங்கே வதிவிடக் கார்ட் கிடைக்கவில்லை, ஊருக்குப் போக வழியில்லை, பெரியப்பாதான் போனார். நான் எடுத்த மூன்று தொலைபேசிக்கும் அப்பம்மா நித்திரை என்றே அவர் சொன்னார். அவ விழித்திருந்து என்னைக் கேட்டது, பக்கத்தில் நின்ற மாமி சொல்லித்தான் பிறகு தெரியும். பதினான்கு வருடமாக அவரோடு திவசச் சோறு சாப்பிடுகிறேன், அதைப்பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த முறை அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சோற்றில் கை வைக்கவில்லை. பிறகு, உந்த நாக்கு இழுபடுறவன் என்னைப் போலக் கிடக்கடா தம்பி என்றார். அண்டைக்கு அம்மா நித்திரை இல்லை, உன்னைத்தான் கேட்டவ, நீ அழுது அவவையும் அழப் பண்ணிப்போடுவாய் எண்டு பயந்திட்டன், நான் செய்தது பிழை என்றார். உனக்கு இப்பதான் கண் தெரிஞ்சதோ அண்ணை என்று மட்டும் கேட்டேன். உன் அம்மா என்னை முறைத்தார். ஆனால் அன்று நான் இரண்டாம் தரமும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன், கத்தரிக்காய்க் குழம்பு அப்படி ருசித்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், அவ்வளவு நல்லவன் இல்லை நான். அவர் படியிறங்கிப் போனதும் படத்தைக் கழற்றிச் சுருட்டி, வெள்ளைத் துணி சுற்றி அலுமாரியில் வைத்தேன்.

ஸ்கூட்டரில் போகும்போது தலைக்கவசத்தை மறக்காதே. நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் உனக்கு வாய்க்கட்டும். பெரியப்பா உனக்குத் தொலைபேசி எடுத்தால் படத்தைச் சுருட்டிவிட்டதாகச் சொல்லிவிடாதே, அடுத்த திவசம் வரைக்கும் அது அங்கேயே தொங்குகிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

உன் அப்பா,
சி. ஐங்கரன்