ஓய்வுநாளில் கழற்றிய கடிவாளம்

1887, செப்டம்பர் 27, செவ்வாய்

இன்று ஒரு பக்கம் எழுதப்போகிறேன். நேற்று மூன்று வரிதான். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது!

எழுத்து சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டு விதவை ஓய்ரிக், "உனக்குப் பாடம் எடுத்த நேரத்துல என் கோழிக்கு எடுத்திருக்கலாம்யா. எழுபத்திரண்டு வயசுல எழுதி யாருக்கு மனு போடப்போற?" என்கிறாள். போடுவேன். புதுப் போதகரைப் பற்றிப் போடுவேன்.

காலையில் வந்தார். "டோர்கில், சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் குதிரைக்குக் கடிவாளத்தைக் கழட்டி ஆணியில மாட்டுறாங்க. உன் குதிரை மட்டும் ஓய்வுநாள்லயும் பூட்டோட நிக்குது. கழட்டு. இல்லேன்னா திங்கக்கிழமை துப்பாக்கியோட ஆள் வரும்."

"ஐயா, அது நீர்க்குதிரை."

"குதிரைதானே?"

எல்லாக் கதையும் சொன்னேன், நம்பவில்லை. பட்டணத்து ஆள். என்ன தெரியும்? பதினோரு வருடத்துக்கு முன்பு ஏரியிலிருந்து கரையேறிய இந்த மோராக்கின் தலையில் கடிவாளத்தை மாட்டினேன். அது இருக்கும்வரை அவள் பசு மாதிரி சாது. கழற்றினால், தொட்டவன் கை அவள் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஏரிக்குள் இழுத்துப்போய்த் தின்றுவிட்டு ஈரலை மட்டும் கரையில் ஒதுக்கிவிடுவாள். ஈரல் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

அவள் போய்விட்டால் மலையிலிருந்து அடுப்பில் எரிக்கச் சதுப்புமண் கட்டிகளை யார் சுமப்பது? சரி, அதுவல்ல. யாரோடு பேசுவேன்?

அக்டோபர் 1, சனி

கை படாமல் நீளக் கோலால் கழற்றினேன். சுடப்படுவதைவிட ஏரி மேல். போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கழுதை.

அக்டோபர் 2, ஞாயிறு

இன்று எழுதுவது பாவம். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், தேவாலய வாசலில் மோராக்! மேலெல்லாம் நீர் சொட்டுகிறது. போதகருக்கு அடையாளம் தெரியவில்லை. "ஓய்வுநாளில் குதிரையேறி வந்தது யார்?" என்று அவள் கழுத்தில் தட்டினார். கை ஒட்டிக்கொண்டது.

அவள் அவசரப்படவில்லை. மரியாதையாக அவரை ஏரிக்கு நடத்திப்போனாள். சபை முழுவதும் பின்னால் போனோம். கணுக்கால், முழங்கால், இடுப்பு.

"கடிவாளத்தைப் போடுய்யா!" என்று அலறினார்.

"ஓய்வுநாள்ல குதிரை பூட்டுறது வேலையாச்சே ஐயா?" என்றேன்.

சபை மூப்பர் ஃபார்க்கர் தாடியைத் தடவினார். "வேலைதான். நாளைக்குப் போடலாம்."

"நாளைக்கு என் ஈரல்தான்டா இருக்கும்!"

சிரித்துவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பார், அவரும் சிரித்திருப்பார். ஆனால் தண்ணீர் அவர் தாடைக்கு ஏறியதும் சிரிப்பு நின்றது. கடிவாளமோ அரை மைல் தள்ளி என் வீட்டு ஆணியில். இறங்கினேன். வேறு வழி? என் கையும் ஒட்டட்டும் என்று அவள் நெற்றியில் வைத்தேன்.

"மோராக்... அந்த ஆள் எலும்பும் தோலும்டி. விட்டுடு."

மூச்சை என் முகத்தில் ஊதினாள். அவரை விட்டாள். அவர் தொப்பென்று தண்ணீருக்குள் முங்கி எழுந்தார்.

என் கையை எடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒட்டவே இல்லை! எத்தனை நாளாக இப்படி? நேற்றுவரை பதினோரு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கழற்றிப் பார்த்ததில்லையே.

அக்டோபர் 3, திங்கள்

போதகர் வந்தார். உள்ளங்கையில் ஒரு கொத்துப் பிடரிமயிர், சோப்புக்கும் போகவில்லையாம். "துப்பாக்கி வேண்டாம். ஆனா இனிமே ஞாயித்துக்கிழமையும் பூட்டியே வை. அது வேலையில்லை, தர்மம்."

"சரிங்க ஐயா" என்றேன்.

அக்டோபர் 11, செவ்வாய்

ஓய்ரிக்கின் பசுவைக் கட்ட வார் இல்லையாம். கடிவாளத்தைக் கொடுத்துவிட்டேன்.

சதுப்புமண் சுமக்கும் கூடைகள் வாசலில் காலியாக நிற்கின்றன. மோராக் இன்னும் ஏரியில் குளிக்கிறாள். நேற்றும் இப்படித்தான், பத்து மணிக்கு மேல்தான் வந்தாள். வரட்டும்.