காந்தத்தைச் சேர்க்காத கணக்கு

மார்ச் 3, செவ்வாய்

எழுத்து தெரியாதவனுக்கு இந்த போன் நல்ல குமாஸ்தா. சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறது.

காலையில் தூறல். முட்டி வலி. மகளின் தோழி வந்திருந்தாள். மகள் கம்ப்யூட்டருக்குள்ளேயே அணுக்களை அடுக்கி, எந்தப் பொருளில் கரண்ட் துளியும் வீணாகாமல் ஓடும் என்று கணக்குப் போடுகிறவள். தோழி அதை நிஜமாகவே உலையில் சுட்டு எடுக்கப் பார்க்கிறவள். உலைக்காரி என்றுதான் கூப்பிடுவேன்.

"என்னம்மா, உன் கல்லு இன்னும் அடம் பிடிக்குதா?"

"உங்க பொண்ணு மாதிரியேப்பா! அவ கணக்கு தப்பாது. என் கைதான் சரியில்ல."

விரல் நுனியெல்லாம் சூட்டுத் தழும்பு.

மார்ச் 5

மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 9, திங்கள்

கேட்டே விட்டேன். உடைந்து போனாள்.

"இந்தப் பொருள்ல அணுவெல்லாம் குட்டிக் குட்டிக் காந்தம்பா. அதையும் சேர்த்துக்கோன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். நான் சொல்லல. இப்ப சேர்த்துப் போட்டா கரண்டே ஓடல. வெறும் கல்லு."

எனக்கு நினைவிருக்கிறது. நாலு வருஷம் முன்னால், இதே மேசை, பச்சை ஸ்வெட்டர். "பழைய கணக்குக்குக் கொடுத்த உத்தரவையெல்லாம் அப்படியே எடுத்து ஒட்டிட்டேன்பா, நேரம் மிச்சம்" என்று சிரித்தாள். பழையது காந்தமில்லாத பொருளாம். அப்படி ஒட்டிப் போட்ட கணக்குதான் இவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அன்றிலிருந்து உலைக்காரி சுட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மார்ச் 10

தப்பைச் சொல்லிவிட மகள் அவள் காலேஜ் துறைத்தலைவருக்குப் போன் போட்டாள். அவர் பேசியது எனக்கும் கேட்டது. "நேர்காணலுக்கு ஒரு வாரம்தான் இருக்கு. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் திருத்தம் போட்டுக்கலாம். உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்காதம்மா."

"சரி சார்" என்றாள்.

என்ன சரி?

"உலைக்காரிகிட்டயாவது சொல்லிடும்மா" என்றேன்.

"சொல்றேன்பா." சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மார்ச் 17

கிடைத்துவிட்டது. நிரந்தரம். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

மார்ச் 28, சனி

உலைக்காரி கேக் வாங்கி வந்தாள். வாயெல்லாம் பல். வேறு ஊரில் தேடி வந்த நல்ல வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"இந்தக் கல்லை விட்டுட்டு எங்கப்பா போறது? சூடுதான் பத்தலைன்னு நினைக்கிறேன்." மகளிடம் திரும்பினாள். "நீ என்னடி சொல்றே?"

நான் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு. சொல்லிடும்மா.

மகள் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள். "கூட்டிப் பாரு. கொஞ்சம் கொஞ்சமா கூட்டு."